பக்கம் 41 முதல் 58 வரை

ஜூன் 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் நூலக மாடிப்படி ஏறும்போது தானும் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. நீ, மாப்பிள்ளை, உன் மாமியார் எல்லோரும் சுகந்தானே? பையன் விடுதியிலிருந்து ஒழுங்காகப் பேசுகிறானா?

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன் செய்தால் உன் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள், நீ மட்டும்தான் பேசுவதில்லை. அதனால் பழையபடி கடிதம்.

பல்கலைக்கழகம் திறந்துவிட்டது. இந்த வருடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வுத் திறன் வகுப்பு என் தலையில்தான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், நூலகத்தின் பின்பக்க அறையில் அறுபத்திரண்டு பேர். தகவலை எங்கே தேடுவது, கிடைத்ததை எந்த அளவுக்கு நம்புவது, எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படிக் குறிப்பிடுவது. முதல் நாள் வழக்கம்போல மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினேன். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது?

ஒரு பையன் எழுந்து ஏதோ புள்ளிவிவரம் சொன்னான். “யாருப்பா சொன்னது?” என்றேன். “இன்டர்நெட் மேடம்.” “எப்போ?” “நேத்து சாயந்திரம் மேடம்.” “எதை வச்சு?” “எங்க அண்ணன் போனை வச்சு மேடம்.” வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று கேள்விகளையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நல்ல செய்தி. பதினான்கு வருடமாக வருடத்துக்கு ஒரு ஒப்பந்தக் கையெழுத்து என்று ஓடிக்கொண்டிருக்கும் என் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். செப்டம்பர் 23 நேர்காணல். நாற்பத்தாறு வயதில் கால் ஊன்ற ஒரு இடம். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

இரண்டு வரியானாலும் எழுது.

உன் அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தை அவர் ஹாலில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அண்ணன் போன் வந்த இடத்தில் அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. வேலை நிரந்தரமாவதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பையன் வாரம் ஒருமுறை பேசுகிறான். நானும் நிறையப் பேசுகிறேன். கவலைப்படாதே.

இப்படிக்கு,
அன்புத் தங்கை

(உறையின் உட்பக்கத்தில், பென்சிலில்)
இனி மாடியில் குடியிருக்கும் டீச்சருடைய பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. கீழே இருக்கிறது. போனில் நான் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார்.


ஜூலை 9

அன்புச் சுண்டு,

நலந்தானே? முகவரியைக் குறித்துக்கொண்டேன். எனக்கும் இதுதான் வசதி. இந்தக் கடிதம் ஹாலில் படிக்கக் கூடியது அல்ல.

உன்னிடம் ஒன்பது வருடமாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அந்த வருடம் பயிற்சித் தாள் ஒன்று தயாரித்தேன். பத்துக் கட்டுரைகளின் விவரம், ஒவ்வொன்றின் கீழும் அதன் சாரம் ஒரு வரி. அவற்றில் ஒன்பது நிஜம், ஒன்று நானே கட்டியது. பிள்ளைகள் அலமாரிக்குப் போய்த் தேடிப்பார்த்து, எது இல்லாதது என்று கண்டுபிடிக்க வேண்டும். பொய்க் கட்டுரையை, ஆறு தொகுதியோடு நின்றுபோன ஒரு பழைய இதழின் ஏழாம் தொகுதியில் வைத்தேன். தலைப்பு, ‘கூட்டுக் குடும்பத்தில் பெண்களின் வாசிப்பு நேரம்’. பக்கம் 41 முதல் 58 வரை. சாரம்: ஒரு பெண் தனக்கென்று வாசிக்கும் நேரம் நாளொன்றுக்குப் பதினோரு நிமிடம்.

எழுதியவர் பெயராக, பள்ளிக்கூடத்தில் பதிந்த உன் நிஜப் பெயரைப் போட்டேன், முதலெழுத்தோடு.

பதினோரு நிமிடமும் நீ தந்ததுதான். கல்யாணமான முதல் வருடம் நீ எழுதிய கடிதத்தில் இருந்தது. புத்தகத்தைப் புடவைக்குள் மறைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோவதாகவும், கதவு தட்டப்படும்வரை பதினோரு நிமிடம் கிடைப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்து அன்றைக்கு நான் சிரித்தேன்.

தாளின் அடியில், ‘இவற்றுள் ஒன்று பொய், எது என்று கண்டுபிடிக்க’ என்று ஒரு வரி இருந்தது. நான் தட்டச்சு செய்தது நீளத் தாளில். அம்மா மருத்துவமனையில் இருந்த அந்த இரண்டு மாதம் நான் விடுப்பு. எனக்குப் பதிலாக வந்தவர் அதைச் சின்னத் தாளில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார். கடைசி வரி வெட்டுப்பட்டுப் போனது. பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது இரண்டு பேர் தங்கள் கட்டுரையில் உன்னை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மா போன துக்கம், அசதி, வெட்கம். தாளை மட்டும் கிழித்துப் போட்டேன். அடுத்த வருடம் ஒரு ஆய்வேட்டில் வந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. இப்போது மொத்தம் பதினாறு.

இந்த வருடப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பிடித்த ஒரு தகவலை எடுத்து, அது பிறந்த இடம்வரை பின்னாலேயே போக வேண்டும். முன்வரிசைப் பெண் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

நலம். உன் நலம் கேட்க வேண்டியதில்லை, கடிதத்திலேயே தெரிகிறது.

மூன்று தடவை படித்தேன். மூன்று நாள் ஆனது. பதினாறு பேர் மேற்கோள் காட்டும் ஆளா நான்? இங்கே நான் சொன்னதை ஒருத்தரும் திருப்பிச் சொன்னதில்லை. காபியில் சர்க்கரை கம்மி என்று நான் சொன்னால்கூட, அதை அவர் ஒருதடவை சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் கசக்கிறது.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆனால் நீ என்னைக் கேட்டிருக்கலாம். இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்தியவளுக்குப் பதினெட்டுப் பக்கக் கட்டுரை. அதில் நான் வேறென்ன சொல்லியிருக்கிறேன்? என் முடிவுரை என்ன? யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்?

என் பெயரை அச்சில் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அந்தப் பதினாறில் ஏதாவது ஒரு பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு. டீச்சர் பையில் வைத்திருப்பார்.

சுண்டு


ஆகஸ்ட் 10

சுண்டுவுக்கு,

அக்காவின் அன்பு. நீ கேட்ட நகலை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் உன் பெயர் இருக்கிறது. உன் முடிவுரை எனக்கே தெரியாது. நான் எழுதியது ஒரு வரி மட்டும்தான்.

இங்கே கழுத்தில் சுருக்கு இறுகுகிறது. போன வாரம் அந்தப் பெண் மேசைக்கு வந்தாள். “மேடம், அந்த இதழோட ஏழாம் தொகுதி அலமாரியில இல்லையே.” ஒன்பது வருடத்தில் எழுந்து போய் அலமாரியைப் பார்த்த முதல் ஆள், சுண்டு. அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா.”

காணாமல்போன எந்தப் புத்தகத்துக்கும் நூலகத்தில் நாங்கள் சொல்லும் பதில் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, “எப்போ வரும் மேடம்?” என்றாள்.

அதோடு போகவில்லை. சமூகவியல் துறைத்தலைவர் ஒரு புத்தகம் எழுதி முடித்திருக்கிறார். அதில் ஒரு அத்தியாயம் முழுக்க உன் பதினோரு நிமிடத்தின் மேல்தான் நிற்கிறது. பதிப்பகத்தில் மூலக் கட்டுரையின் நகல் கேட்கிறார்களாம். “நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவலை” என்று முதுகில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். என் நேர்காணல் குழுவின் தலைவரும் அவர்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பொய் புத்தகமாகிவிடும்.

சாப்பாடு இறங்கவில்லை. நீ நன்றாகச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

நகல் கிடைத்தது. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அங்கே என்னைத் தவிர யாரும் கை விடுவதில்லை.

சொல்லிவிடு அக்கா. நீ பொய் சொல்லிப் பழகாதவள், மாட்டிக்கொள்வாய். பழகியவர்களுக்கே கஷ்டம்.

அவசரமாக எழுதுகிறேன். கூப்பிடுகிறார்கள்.

சுண்டு


செப்டம்பர் 5

என் அன்புச் சுண்டுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை.

நீ சொன்னதை யோசித்தேன். வேறொன்றும் யோசித்தேன். நீ கோபிக்கக் கூடாது.

அந்தப் பதினெட்டுப் பக்கத்தை நீ எழுதித் தருகிறாயா? வேண்டியது அவ்வளவுதான். நான் அதைத் தட்டச்சு செய்து, பழுப்பேறிய தாளில் நகல் எடுத்து, ‘மூலப் பிரதி சேதம்’ என்று முத்திரை குத்திவிடுவேன். நானே எழுதினால் துறைத்தலைவருக்கு நடை தெரிந்துவிடும். பதினான்கு வருடமாக என் குறிப்புகளைப் படிக்கிறவர். உனக்குத்தான் அந்த விஷயம் தெரியும். பெயரும் உன்னுடையது. யோசித்துப் பார்த்தால் இதில் பொய்கூட இல்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

பதினெட்டாம் தேதிக்குள் கிடைத்தால் போதும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 20

சுண்டு,

சுகமா? பதில் இல்லை. தபால் பெட்டியைக் காலையில் இரண்டு தடவை, மாலையில் ஒரு தடவை பார்க்கிறேன். கோபமா, உடம்பு சரியில்லையா, என் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்துவிட்டதா என்று ஒன்றும் தெரியவில்லை. போன் செய்தேன். உன் மாமியார், “அவ நல்லா இருக்கா, வேலையா இருக்கா” என்றார். பின்னால் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

கேட்டதை மறந்துவிடு. நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா


அக்டோபர் 12

அன்புச் சுண்டுவுக்கு,

நீ எங்கே எப்படி இருந்தாலும் நலமாக இரு. நான் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 22 வகுப்பில் அந்தப் பெண்ணின் முறை வந்தது. பலகையில் ஏணிபோல வரைந்தாள். மேலே பதினோரு நிமிடம். அதற்குக் கீழே துறைத்தலைவர் முன்பு எழுதிய ஒரு கட்டுரை. அதற்குக் கீழே ஒரு ஆய்வேடு, அதற்கும் கீழே இன்னொன்று. கடைசிப் படியில் ‘ஏழாம் தொகுதி: பைண்டிங்கில்’ என்று எழுதினாள். பக்கத்தில் நான் சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகள். யார் சொன்னது? நூலகர். எப்போது? ஆகஸ்ட் 4. எதை வைத்து? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சாக்பீஸோடு என்னைப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

“எதையும் வச்சு இல்லம்மா. நான் பொய் சொன்னேன்.”

அறுபத்திரண்டு பேரும் சிரிக்கவில்லை. இது அடுத்த பயிற்சியோ என்று ஒரு பையன் நோட்டைத் திறந்தான்.

அன்று மதியமே துறைத்தலைவரிடம் போனேன். “பதினாறு பேர் எழுதியிருக்காங்க. பதினாறு பேரும் முட்டாளா?” என்றார். “இல்ல சார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்க.” “அப்போ முதல் ஆளு?” “நான்தான் சார்.” அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். புத்தகம் நின்றுவிட்டது. எனக்கு நேர்காணல் இல்லை. வகுப்பும் இல்லை. வருடத்துக்கு ஒன்று என்றிருந்த கையெழுத்து இனி ஆறு மாதத்துக்கு ஒன்று.

என்னை எங்கே மாற்றியிருக்கிறார்கள் தெரியுமா? பைண்டிங் பிரிவுக்கு. கீழ்த்தளத்தில் ஒரு அறை. ஜன்னல் இருக்கிறது, ஆனால் கட்டுகள் அடுக்கி அடைத்துவிட்டதால் திறக்க முடியாது. பசை வாடை தலைமுடிவரை ஏறிவிடுகிறது. அந்தப் பெண் ஒருநாள் படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். “மேடம், ஏழாம் தொகுதி வந்துடுச்சா?” நான் சிரித்தேன். அவள் உள்ளே வந்து கொஞ்ச நேரம் தையல் நூலைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலகப் பட்டியலில் ஒட்ட ஒரு அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். உன் பெயரைத் தட்டச்சு செய்து, அதற்கு நேரே ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று என் கையாலேயே அடித்தேன். அடித்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உன் கடிதங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. உறைக்குள் பென்சில். அரிசி டப்பா. ‘பழகியவர்களுக்கே கஷ்டம்.’ எதற்கும் நான் திருப்பிக் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு மூன்று கேள்வி சொல்லிக்கொடுத்தவள், உன்னிடம் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். சுண்டு, நீ எப்படி இருக்கிறாய்?

அக்கா


நவம்பர் 2

அக்காவுக்கு,

சுண்டு எழுதுவது. உன் இரண்டு கடிதங்களும் வந்தன. இந்தப் பொட்டலத்தை டீச்சர் கையில் கொடுக்கிறேன். அவருக்கு மாற்றல், நாளை வீட்டைக் காலி செய்கிறார். இனி பழைய முகவரிதான். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

உள்ளே பதினெட்டுப் பக்கம் இருக்கிறது. 41 முதல் 58 வரை எண் போட்டிருக்கிறேன். கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை அக்கா, இதை எழுதிக்கொண்டிருந்தேன். வாசிக்கக் கிடைக்கும் நேரத்தில்தான் எழுத முடியும், அதனால் இத்தனை நாள் வாசிக்கவில்லை. நீ உன் பொய்க்காகக் கேட்டாய். அதற்கு இது பயன்பட்டிருக்காது. ஒவ்வொரு நாளுக்கும் இந்த வருடத் தேதி போட்டு, யார் கதவைத் தட்டினார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறேன். ‘உள்ள என்ன குடும்பமா நடத்துறே?’ என்பது பதினேழு தடவை வருகிறது. சொன்னது அத்தை. ‘தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?’ என்பது எட்டுத் தடவை. அது அவர். ஒன்றும் சொல்லாமல் தாழ்ப்பாளை மட்டும் ஆட்டிப் பார்ப்பதும் அவர்தான். அதை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11 முதல் அக்டோபர் 30 வரை, ஐம்பது நாள். மொத்தம் இருநூறு நிமிடம். அதிகபட்சம் ஒன்பது, மின்சாரம் போயிருந்த அன்று. ஒன்றுமே கிடைக்காத நாள் பதினொன்று. உன் பதினொன்று என் கணக்கில் வருகிற இடம் அது ஒன்றுதான்.

சராசரி நான்கு நிமிடம்.

முன்பு அதிகமாக இருந்து இப்போது குறைந்துவிட்டது என்று நினைக்காதே. கல்யாணமான முதல் வருடமும் நான்குதான். நீ அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான்கு என்று எழுதினால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுவாய் என்று பயந்தேன். பதினொன்று என்றால் சிரிப்பாய் என்று தெரியும். அதனால் பதினொன்று என்று எழுதினேன்.

பதினாறு பேரையும் நான்தான் ஏமாற்றியிருக்கிறேன். முதல் ஆள் நீ இல்லை. ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று நீ ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடு. எண்ணை மட்டும் உன் மனதில் திருத்திக்கொள்.

உன் தங்கை


நவம்பர் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் அக்கா நலமாக இருந்து எழுதுவது. மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம். பையனுக்கு ஆசி.

சொல்லும்படி இங்கே ஒன்றுமில்லை. பைண்டிங் அறை வேலை பழகிவிட்டது. பசை வாடையும் இப்போது தெரிவதில்லை, மற்றவர்கள்தான் மூக்கைப் பொத்துகிறார்கள். மாப்பிள்ளை இதைப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் சிரிக்கலாம்.

போன வாரம் ஒரு சின்னப் புத்தகம் கைக்கு வந்தது. யாரோ கையால் எழுதியது. பதினெட்டே பக்கம், ஆனால் நாற்பத்தொன்றில் ஆரம்பிக்கிறது. முன்பக்கங்கள் தொலைந்துவிட்டனவா, இன்னும் எழுதப்படவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வெள்ளைத்தாளை முன்னால் சேர்த்துத் தைத்துவிட்டேன். இருபுறமும் சேர்த்தால் நாற்பது பக்கம் ஆகும். கெட்டி அட்டை போட்டேன். அட்டையில் எழுதியவர் பெயரையும் போட்டேன். அலமாரியில் வைக்கவில்லை, என் மேசையில்தான் இருக்கிறது. தினமும் கொஞ்ச நேரம் படிக்கிறேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

மறதி அதிகமாகிவிட்டது. நான் குடியிருக்கும் அறைக்கு இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறேன்.

வீட்டு வேலை உனக்கு நிறைய இருக்கும், தெரியும். நேரம் இல்லை என்று மட்டும் பதில் எழுதாமல் இருந்துவிடாதே. நான்கு நிமிடம் போதும்.

உன் அக்கா